அடிபட்ட பந்து எங்கே போகிறது? பேஸ்பால் பார்க்க வந்தவர்கள் என்னைக் கேட்ட கேள்விகள்

நியூ ஜெர்சியில் குடியிருப்பவர்களுக்குக் கோடை என்றால் விருந்தாளிகள் என்று பொருள். நயாகரா, சுதந்திர தேவி சிலை, எடிசன் இட்லிக் கடை எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாலை அவர்களை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஆட்ட விதிகள் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. பந்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரே பந்தைக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்து 80 ஓவர் ஓட்டும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு, நிமிடத்துக்கு ஒன்றாகப் பந்தை மாற்றுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்ததால், கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். இங்கே சொல்வது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் ஆட்டத்தைப் பற்றி.

பந்து நன்றாகத்தானே இருக்கிறது, எதற்காக அதைத் தூக்கிப் போடுகிறார்கள்?

இது என் சித்தப்பா கேட்டது. அவருக்கு முன்னும் பின்னும் வந்த எல்லோரும் கேட்டதும் இதுதான். பந்து நன்றாகத்தான் இருக்கிறது. கிழியவில்லை, பிளக்கவில்லை. ஆனால் அது ஐந்து நிமிடத்துக்கு முன்பிருந்த பந்து அல்ல. ஒரு பக்கம் தரையில் உரசியிருக்கும், அல்லது பேட்டின் பூச்சு கறுப்பாக ஒட்டியிருக்கும், அல்லது தையலில் ஒரு நூல் எழும்பியிருக்கும். அடுத்த வீச்சில் அது நேராகப் போகுமா, அடிப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமா என்பதில் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. உடைந்த பந்து ஆட்டத்தை விட்டுப் போவது அபூர்வம். சந்தேகத்துக்கு இடமான பந்துதான் போகிறது. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பந்து செலவாகும்?

சாதாரணமாக நூறுக்கு மேல். ஒரு பந்து ஆட்டத்தில் நீடிப்பது சில வீச்சுகள் மட்டுமே. உள்ளூர் அணி டஜன் டஜனாகப் பந்துகளைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவரின் இடுப்பில் தொங்கும் பையில் எப்போதும் குறைந்தது இரண்டு மாற்றுப் பந்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. தீரத் தீர ஒரு பையன் ஓடிவந்து நிரப்பிவிட்டுப் போவான். அவனைக் கவனியுங்கள். ஆட்டம் முடியும்போது விளையாடியவர்களில் பலரைவிட அவன் அதிகம் ஓடியிருப்பான்.

பந்துக்குள்ளே என்னதான் இருக்கிறது? ரப்பரா?

நடுவில் கொஞ்சம் ரப்பர், மிச்சமெல்லாம் நூல். சொன்னால் நம்பவில்லை என்பதால், ஒரு விடுமுறை நாளில் பழைய பந்து ஒன்றை மச்சானின் பிள்ளைகளோடு உட்கார்ந்து அறுத்தேன். சிவப்புத் தையலைப் பிளேடால் வெட்டியதும் தோல் இரண்டு துண்டுகளாக விரிந்தது. இரண்டும் ஒரே அச்சு, நடுவில் இடுப்புச் சிறுத்த எட்டு வடிவம். உள்ளே பசை வாசனை. அதற்குக் கீழே மெல்லிய வெள்ளை நூல். பெரியவன் நூல் முனையைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். வெள்ளை முடிந்து சாம்பல் நிறக் கம்பளி, பிறகு வெள்ளைக் கம்பளி, பிறகு தடித்த சாம்பல் கம்பளி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 340 மீட்டர் என்பது தயாரிப்புக் கணக்கு. நாங்கள் அளக்கவில்லை, கூடம் முழுக்கச் சிக்கலாகிவிட்டது. கடைசியில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்பு உருண்டை. அதுதான் ரப்பர் போர்த்திய தக்கை.

மேஜர் லீக் பந்துகளை 1977 முதல் ராலிங்ஸ் நிறுவனம் செய்கிறது. கோஸ்ட்டா ரிக்காவில் துரியால்பா என்ற ஊரில் தொழிலாளர்கள் கையால் தைக்கிறார்கள். 108 இரட்டைத் தையல். மெழுகிட்ட சிவப்பு நூல். பந்தின் எடை 142 முதல் 149 கிராமுக்குள் இருக்க வேண்டும், நம் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசு. 1974க்கு முன் குதிரைத் தோல், அதன் பிறகு மாட்டுத்தோல்.

அவ்வளவு வேகமாக அடித்தால் பந்துக்கு என்ன ஆகும்?

சப்பையாகும். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பேட்டில் பட்டு 175 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திருப்பம் முழுவதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடிகிறது. அந்த இமைப்பொழுதில் பந்தின் மேல் விழும் உச்ச அழுத்தம் மூன்றரை டன் எடைக்குச் சமம். இரண்டு கார்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததுபோல என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதிவேகக் கேமராவில் பார்த்தால் உருண்டை பேட்டின் மேல் அப்பிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

பிறகு அது நிமிர்ந்துகொள்கிறது. கம்பளியைத் தேர்ந்தெடுத்த காரணமே அதுதான். கசக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. ஆனால் திரும்பும்போது வாங்கியதையெல்லாம் கொடுப்பதில்லை. புதுப் பந்தைத் தேர்வு செய்யும் சோதனையில், மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தின் மேல் எறிந்தால் அந்த வேகத்தில் 51.4 முதல் 57.8 சதவீதம் வரைதான் திரும்ப வர வேண்டும். ஆற்றல் கணக்கில் பார்த்தால் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மற்றது நூலும் நூலும் உரசிச் சூடாகிப் போகிறது. அவ்வளவு நசுங்கினாலும் பந்து முதல் அடியிலேயே குட்டிச்சுவராகிவிடாததற்கு, நீங்கள் கூடத்தில் பார்த்த அந்த 340 மீட்டர் சிக்கல்தான் காரணம்.

அப்படியானால் பலமாக அடிபட்டதால்தான் பந்தை மாற்றுகிறார்களா?

இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். அடியின் சேதம் உள்ளே. திரும்பத் திரும்ப அடி வாங்கினால் கம்பளிச் சுற்று தளர்கிறது, தோல் தளர்கிறது, எம்பும் தன்மை குறைகிறது. பயிற்சிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான அடி வாங்கிய பந்தைக் கையில் எடுத்தால் பழுத்த மாம்பழத்தை அழுத்துவதுபோல் விரல் தோலை நகர்த்தும். ஆனால் நடுவர் உள்ளே பார்க்க முடியாது. ஒரே ஆட்டத்தில் ஒரு பந்து அந்த நிலைக்கு வரும் அளவுக்கு அடி வாங்குவதும் இல்லை. பலமான அடி ஒன்று வாங்கிய பந்து பெரும்பாலும் திரும்பியே வராது. அரங்கத்தில் யார் மடியிலாவது இருக்கும்.

2025 மே மாதம் பிட்ஸ்பர்க் அணியின் ஓனீல் குரூஸ் அடித்த ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர்போல வேலியைத் தாண்டும் அடி) பேட்டை விட்டுக் கிளம்பியபோது மணிக்கு 122.9 மைல், அதாவது 198 கிலோமீட்டர் வேகம். 2015இல் எல்லா மைதானங்களிலும் ராடாரும் கேமராவும் வைத்து அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். அந்தப் பந்து மைதானத்தையும் தாண்டி அலிகேனி ஆற்றில் போய் விழுந்தது. அதற்குக் கீறல் விழுந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஆக, பலமான அடி பந்தின் உள்ளத்தைக் கெடுக்கிறது. வெளியேற்றுவது என்னவோ மேல்தோலைப் பார்த்துத்தான்.

மேல்தோலில் என்ன மாதிரிச் சேதம் வரும்?

என்னிடம் ஒரு பந்து இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபவுல் அடி (ஆட்டக் கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் போகும் அடி), எங்கள் வரிசைக்கு மேலிருந்த கான்கிரீட் விளிம்பில் மோதி, படிக்கட்டில் இரண்டு முறை குதித்து, என் காலடிக்கு வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

பேட் பட்ட இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். பேட்டின் வார்னிஷும், பிடி வழுக்காமல் இருக்கத் தடவும் தாரும் கலந்தது. அந்த இடம் மட்டும் வழவழவென்று பளபளக்கும், இஸ்திரிப் பெட்டி வைத்து எடுத்ததுபோல. அது பார்க்கத்தான் பயங்கரம், தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மையான சேதம் மறுபக்கத்தில், கான்கிரீட்டில் உரசிய இடம். ஐம்பது பைசா அளவுக்குத் தோலின் மேற்பரப்பு கிளம்பி, பூனை நாக்குபோல் சொரசொரவென்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் கண்டுபிடித்துவிடலாம். பந்தில் அச்சிட்ட, லீக்கின் தலைவரான ஆணையரின் கையெழுத்தில் பாதி காணவில்லை. உரசலுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் ஒன்று மட்டும் மற்றதைவிட அரை மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது.

இதுபோக, புல்கறை, செம்மண் கறை, மழை நாளில் ஈரம். கான்கிரீட்டும் மண்ணும்தான் பந்துக்குப் பெரிய எதிரிகள். பேட் அவ்வளவு கொடியது அல்ல.

சின்னக் கீறல்தானே? அதனால் என்ன வந்துவிடும்?

கிரிக்கெட் பார்த்தவர் இதைக் கேட்கக் கூடாது! ஒரு பக்கம் மழமழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு இருந்தால் காற்று இரண்டு பக்கமும் வேறு வேறு விதமாகப் பந்தை விட்டுப் பிரிகிறது, பந்து விலகிப் போகிறது. அதற்காகத்தானே நம் ஆட்கள் நாள் முழுக்கக் கால்சட்டையைச் சிவப்பாக்கிக்கொள்கிறார்கள். அங்கே அது வேகப்பந்து வீச்சாளரின் கலை. இங்கே அது பந்து வீசும் பிட்ச்சருக்குக் கிடைக்கும் நியாயமற்ற உதவி. பந்து பழசாவதைக் கிரிக்கெட் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது, பேஸ்பால் வெளியே தள்ளிவிட்டது. எனக்குக் கிரிக்கெட்டின் வழிதான் பிடிக்கும். ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் தரையில் குத்தாமலே உடம்பை நோக்கி வரும் பந்து எந்தப் பக்கம் விலகும் என்று தெரியாமல் நிற்க மாட்டேன்.

எழும்பிய நூலும் அப்படித்தான். பிட்ச்சர் தையலில் விரலை ஊன்றித்தான் பந்தைச் சுழற்றுகிறார். ஒரு நூல் அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் அவர் விரல் சொல்லிவிடும்.

அழுக்கானால் மாற்றுகிறார்கள் என்கிறீர்கள். ஆனால் புதுப் பந்தில் இவர்களே சேறு பூசுகிறார்களாமே?

பூசுகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த பந்து வெள்ளைவெளேரென்று வழுக்கும். கையில் நிற்காத பந்தை அந்த வேகத்தில் எறிந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் மைதானத்து மண், புகையிலைச் சாறு, பூட்ஸ் பாலிஷ் என்று எதையெதையோ தேய்த்துப் பார்த்தார்கள். 1938 வாக்கில் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன் எங்கள் நியூ ஜெர்சிப் பக்கத்தில் டெலவேர் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையில் மிருதுவான சேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றும் அதே சேறுதான். எந்த ஓடை என்பது தொழில் ரகசியம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சேற்றை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவு: முகத்துக்குப் பூசும் களிம்புபோல் பரவுகிறது, உப்புத்தாள்போல் பிடிக்கிறது.

முக்கியமானது என்னவென்றால், சேறு பந்து முழுவதும் ஒரே சீராகப் பூசப்படுகிறது, எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி, ஆட்டம் நடக்கும் அன்றே. அழுக்கு தப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் அழுக்காவதுதான் தப்பு.

அந்தக் காலத்திலும் இவ்வளவு ஊதாரித்தனமா?

இல்லை. 1920 வரை நேர்மாறு. முடிந்தவரை ஒரே பந்து. ரசிகர் கையில் போனாலும் திருப்பி வாங்கிவிடுவார்கள். எச்சில், புகையிலை, மண் எல்லாம் ஏறிக் கறுத்து, அடிபட்டு மெத்தென்று ஆன பந்தை மாலை மங்கும் வரை ஓட்டினார்கள். ஹோம் ரன்கள் அரிதாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் அடிக்க நிற்கிறார். யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் வீசிய பந்து அவர் தலையில் மோதியது. சாப்மன் நகரவே இல்லை, பந்து அவர் கண்ணில் படவில்லை என்றே பலரும் நினைத்தார்கள். மோதிய சத்தத்தைப் பேட்டில் பட்ட சத்தம் என்று எண்ணி, உருண்டு வந்த பந்தை எடுத்து, அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்துக்கு (ஃபர்ஸ்ட் பேஸ்) மேஸ் எறிந்தாராம். மறுநாள் விடியற்காலை சாப்மன் இறந்துபோனார். மேஜர் லீக் ஆட்டத்தில் வீசிய பந்து பட்டு இறந்த ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பருவத்துக்கு முன்பே எச்சில் பந்தைத் தடை செய்திருந்தார்கள், பழைய பழக்கம் உள்ள சிலருக்கு மட்டும் விலக்கு. சாப்மன் மரணத்துக்குப் பிறகு, பந்து நிறம் மாறினால் உடனே மாற்ற வேண்டும் என்பதில் நடுவர்கள் கண்டிப்பானார்கள். தலைக்கவசம் கட்டாயமானது 1971இல்தான் என்பது வேறு கதை. பந்தை மாற்ற உடனே தோன்றியது, தலையை மூட அரை நூற்றாண்டு ஆனது.

அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு முன்னால் மண்ணில் குத்திய பந்தை உடனே மாற்றுகிறார்கள். ஆனால் அடித்துத் தரையில் உருண்டுபோன பந்தை வைத்தே மறுபடி ஆடுகிறார்கள். இது என்ன நியாயம்?

என் மாமனார் கேட்டது. அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர், இப்படித்தான் கேட்பார். உண்மைதான். வீசிய பந்து மண்ணில் பட்டால் கேட்சர் அதை நடுவரிடம் நீட்டிவிடுவார், புதுப் பந்து வந்துவிடும். ஆனால் அடித்த பந்து செம்மண்ணில் மூன்று முறை குதித்து, தடுப்பவர் கையுறைக்குப் போய், முதல் தளத்துக்குப் போய், அங்கிருந்து பல சமயம் அப்படியே பிட்ச்சரிடமே திரும்பிவிடும்.

பாதிக் காரணம் வழக்கம். முன்னதில் பந்து ஏற்கெனவே நடுவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மாற்றுவது எளிது. மீதிப் பாதி, மண்ணில் நேராகக் குத்தும் வீச்சு பந்தின் ஒரே இடத்தில் வேகமாக அறைகிறது, உருளும் பந்து அந்த அடியைப் பல இடங்களில் பகிர்ந்துகொள்கிறது. முழு நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். மாமனாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

யார் முடிவு செய்வது? பிட்ச்சர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

பந்து கெட்டுவிட்டதா என்ற முடிவு நடுவருடையது. பந்து ஆடுகளத்தை விட்டு வெளியே போனாலோ, நிறம் மாறினாலோ, பிட்ச்சர் கேட்டாலோ மாற்றுப் பந்து தர வேண்டும் என்பது விதி. அதனால் பிட்ச்சர் கேட்டால் மறுப்பதில்லை. பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திருப்பி எறிவார், பையிலிருந்து அடுத்தது போகும். ஆனால் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. ஹோம் ரன் என்றால் அடித்தவர் சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்ட பிறகுதான் பிட்ச்சர் கைக்குப் புதுப் பந்து போகும்.

கீறலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. 1976இல் டெட்ராய்ட் அணிக்கு வந்த மார்க் ஃபிட்ரிச் என்ற இளைஞர் பந்தோடு பேசுவார், பிட்ச்சர் நின்று வீசும் மேட்டின் மண்ணை முழங்காலிட்டுக் கையால் சமன்படுத்துவார். எதிரணி அடித்துவிட்ட பந்தை மறுபடி வீச மாட்டார், அதில் அடி இருக்கிறது என்று மாற்றச் சொல்வார். பாட்டி திருஷ்டி கழிப்பதுபோலத்தான். இன்னொன்று, ஃபவுல் பந்து கேட்சரின் தோளிலோ தொடையிலோ பட்டு அவர் வலியில் சுருண்டால், நடுவர் புதுப் பந்தை எறியாமல் தானே கையில் எடுத்துக்கொண்டு பிட்ச்சரை நோக்கி மெதுவாக நடப்பார். கேட்சருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார். பேஸ்பாலில் எனக்குப் பிடித்த காட்சி அது.

பிட்ச்சரே வேண்டுமென்று கீறினால்?

மாட்டினால் வெளியேற்றம், அதோடு சில ஆட்டங்களுக்குத் தடை. மண், ரோசின் என்ற பிசின் பொடி, மெழுகு, உப்புத்தாள் என்று விதியே பட்டியல் போட்டுத் தடுக்கிறது. இருந்தும் செய்தார்கள். 1980இல் சியாட்டில் அணியின் ரிக் ஹனிகட் விரலில் டேப் ஒட்டி அதற்குள் ஒரு போர்டு பின் வைத்திருந்தார். பிடிபட்ட பதற்றத்தில் அந்தக் கையாலேயே நெற்றியைத் துடைத்து முகத்தைக் கீறிக்கொண்டார். 1987இல் மினசோட்டா அணியின் ஜோ நீக்ரோவிடம் நடுவர்கள் கால்சட்டைப் பையைக் காட்டச் சொன்னார்கள். அவர் கையை உதறியபோது நகம் தேய்க்கும் அட்டை ஒன்று பறந்து புல்லில் விழுந்தது. விரல் நகத்தால் பந்தைப் பிடித்து வீசும் ரகம் அவர், நகத்தைச் சீராக்கத்தான் வைத்திருந்தேன் என்றார். நம்பாமல் தடை விதித்தார்கள்.

வேண்டுமென்று கீறிய பந்துக்கும் கான்கிரீட் கீறிய பந்துக்கும் காற்றில் வித்தியாசம் கிடையாது. பந்தை அடிக்கடி மாற்றுவதில் இந்த வசதியும் இருக்கிறது: யார் கீறியது என்று தெரியாவிட்டாலும் கீறியவருக்கு அது பயன்படாது.

பந்து நடுவில் பிய்ந்துகொண்டால் என்ன செய்வார்கள்?

தையல் விட்டுத் தோல் பாதி கழன்றாலும், நடந்துகொண்டிருக்கும் ஓட்டம் முடியும் வரை அந்தப் பந்து செல்லும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. காதைப் போலத் தோல் தொங்கும் பந்தை எடுத்து எறிந்துதான் ஆக வேண்டும். அது முடிந்த பிறகு மாற்றலாம். தோலை உரித்துவிட்டான் என்று பலமான அடியை இங்கே புகழ்வார்கள், ஆனால் மேஜர் லீகில் நிஜமாகவே அது நடப்பது மிக அபூர்வம். பழம்பந்தும் வீச்சு இயந்திரமும் சேர்ந்த பயிற்சிக்கூடத்தில் அடிக்கடி காணலாம்.

கூட்டத்தில் விழுந்த பந்தைக் கேட்க மாட்டார்களா? நம்மைப் பிடித்துப் போக மாட்டார்களே?

போன நூற்றாண்டில் பிடித்திருப்பார்கள். 1916இல் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளர் சார்ல்ஸ் வீக்மன்தான் ரசிகர்களே வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் அனுமதித்தார். மற்ற அணிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1921 மே மாதம் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் போலோ கிரவுண்ட்ஸில் கைக்கு வந்த பந்தைத் தர மறுத்துக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார், மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி மேல் வழக்குப் போட்டு 100 டாலர் வாங்கினார். அதன் பிறகு வழக்கம் மெல்ல மாறியது. இப்போது பந்து உங்களுடையது. பக்கத்தில் குழந்தை இருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரங்கமே உங்களைப் பார்த்துக் கூவும்.

நடுவர் எடுத்துப் போடும் பந்துகள் குப்பைக்கா போகின்றன?

இல்லை. நிறைய பந்துகள் அணியின் அடிப் பயிற்சிக்குப் போகின்றன. முன்பு சொன்ன மாம்பழ நிலையை அங்கே எட்டுகின்றன. சில விற்பனைக்குப் போகின்றன. 2001 முதல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சான்றாளர் உட்கார்ந்திருக்கிறார், பெரும்பாலும் காவல்துறையில் இருப்பவர் அல்லது இருந்தவர். வெளியே வரும் பந்து எந்த வீச்சில், யார் அடித்து வந்தது என்று பதிந்து, எண்ணுள்ள ஹாலோகிராம் முத்திரை ஒட்டுகிறார். போலிக் கையெழுத்துப் பந்துகள் சந்தையில் பெருகியதுதான் இதற்குக் காரணம். வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்கு ஆகாது என்று தள்ளிய அதே கீறலும் கறையும்தான் கடையில் விலையைக் கூட்டுகிறது. கறையில்லாத பந்தை யார் வாங்குவார்கள்?

ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரர் அடிக்க வந்ததும் நல்ல பந்தையே மாற்றினார்களே, அது ஏன்?

2022இல் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் ஒரே பருவத்தில் 62ஆவது ஹோம் ரன்னை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது பார்த்திருப்பீர்கள். அவர் அடிக்க வரும்போதெல்லாம் ரகசிய அடையாளமிட்ட பந்துகளை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், அவர் போனதும் எடுத்துவிட்டார்கள். 1998இல் மார்க் மக்வையர் சாதனை படைத்த நாட்களிலும் இதே ஏற்பாடு இருந்தது. கூட்டத்தில் ஒருவர் பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்துக்காட்டி இதுதான் அது என்று சொல்லிவிடக் கூடாதல்லவா. 2024இல் ஷோஹேய் ஓதானி அடித்த 50ஆவது ஹோம் ரன் பந்து ஏலத்தில் ஏறக்குறைய 44 லட்சம் டாலருக்குப் போனது. முதல் பதிலில் சொன்ன சந்தேகம்தான் இங்கேயும், ஆனால் வேறு வகைச் சந்தேகம்.

பந்தைப் பெட்டியில் வைத்து ஈரமாக்குகிறார்களாமே? அது சேதத்தை மறைக்கவா?

இல்லை, அது புதுப் பந்துக்கு மட்டும். காய்ந்த பந்து கடினமாகி அதிகம் எம்பும், வழுக்கவும் செய்யும். மலைமேல் இருக்கும் டென்வரில் காற்று வறண்டது, பந்து பறந்துகொண்டே இருந்தது. 2002இல் அங்கே ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் அறை ஒன்றைக் கட்டினார்கள். 2022 முதல் 30 மைதானங்களிலும் அது உண்டு.

எனக்குக் கிடைத்த பந்தைத் துடைத்து அலமாரியில் வைக்கலாமா?

துடைக்காதீர்கள். என் மாமியார் ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள், மேலே சொன்ன என் பந்து அலமாரியில் அழுக்காகக் கிடக்கிறதே என்று ஈரத்துணியில் சோப்புப் போட்டு அழுத்தித் துடைத்தார். டெலவேர் சேறு போய்விட்டது. பேட்டின் தீற்றல் பாதி போய், மீதி சாம்பலாகப் பரவியது. தோல் காய்ந்தபோது கான்கிரீட் உரசிய இடம் மட்டும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டது. எழும்பியிருந்த அந்த ஒரு நூலைப் பார்த்து, "ஊசி நூல் எங்கே வைத்திருக்கிறீர்கள் மாப்பிள்ளை?" என்று கேட்டார். நான் பந்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.